பார்ப்பவர் பேசக்கூடாது

இந்த அறையின் கதவை நீங்கள் முதலில் இழுத்தீர்கள், பிறகுதான் தள்ளினீர்கள். தினமும் வந்து போகும் அறைதான், ஆனாலும் கை ஏமாந்துவிட்டது. லேசான வெட்கத்தோடு என்னைப் பார்த்தீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, ஐயா. தள்ளித் திறக்க வேண்டிய கதவில், பிடித்து இழு என்று சொல்வது போல ஒரு நீளக் கைப்பிடியை மாட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் யார் கையும் இழுக்கத்தான் செய்யும். தப்பு உங்கள் கையில் இல்லை, அதை அங்கே மாட்டியவரிடம் இருக்கிறது.

நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான். ஆனால் இரண்டு வரியில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் ஆற அமரச் சொல்கிறேன். தட்டச்சு செய்கிற அந்தப் பெண்ணிடமும் அவசரமில்லை என்று சொல்லுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் அவளுக்குத் தோள் வலிக்காது.

என் வேலை வடிவமைப்பு. ஆபீசில் டிசைனர் என்பார்கள். எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று இதற்குள் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். யாராவது மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் அவசர எண்ணை அழைப்பார். அவர் எங்கே இருக்கிறார், அவருக்குக் கிட்டத்தில் எந்த ஆம்புலன்ஸ் சும்மா நிற்கிறது, எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று கண்டுபிடித்து அனுப்புவது எங்கள் மென்பொருள். இந்த நகரம் முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பார்க்கும் திரையை வரைகிற டிசைனர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பரிசெல்லாம் வந்திருக்கிறது. நான் கீழ்த்தளத்தில், எஞ்சினியர்களோடு. அவர்கள் அந்த மென்பொருளைக் கட்டுவதற்கும், சோதிப்பதற்கும், வெளியிடுவதற்கும் ஒரு கருவி வேண்டும் இல்லையா, அந்தக் கருவிக்குத் திரை வரைவது என் வேலை. சாப்பிடுகிறவருக்குத் தட்டு செய்பவர்கள் மேலே, சமைக்கிறவருக்கு அடுப்பு செய்பவள் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடிக்காரர்களுக்குப் பரிசு கிடைத்த அன்று எல்லா டிசைனர்களையும் படம் எடுக்க வரச் சொன்னார்கள். நானும் தலை வாரிக்கொண்டு போனேன். என் கையில் கேமராவைக் கொடுத்து, ‘எல்லாரும் விழற மாதிரி எடுங்க’ என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். நல்ல படம். இன்றைக்கும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அது புரிந்தால்தான் மற்றது புரியும். ஒரு திரை நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதைப் பயன்படுத்துகிறவரை உட்கார வைத்துவிட்டு அவர் பின்னால் நாங்கள் உட்காருவோம். ‘இந்த வேலையைச் செய்யுங்கள்’ என்று சொல்வோம். அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. அவர் தடுமாறினால் தடுமாறட்டும் என்று விட வேண்டும். விரலை நீட்டக் கூடாது, கண்ணால்கூடக் காட்டக் கூடாது. சொல்லிக் கொடுத்துவிட்டால் திரையில் என்ன குறை என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். அவர் திரும்பி, ‘எங்கே இருக்கிறது அது?’ என்று கேட்டால் ஒரே ஒரு பதிலைத்தான் சொல்லலாம். ‘எங்கே இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?’ அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். மனசு கேட்காது, வாய் துறுதுறுக்கும். எனக்கு அந்தக் கஷ்டம் இருந்ததே இல்லை.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து, அந்த எஞ்சினியர்கள் ஒவ்வொருவரின் கையும் எனக்கு அத்துப்படி. யார் படித்துவிட்டு அழுத்துவார், யார் அழுத்திவிட்டுப் படிப்பார், யார் பயந்தால் உதட்டைக் கடிப்பார் என்று சொல்லிவிடுவேன். அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட அவ்வளவு தெரியாது.

நீங்கள் பிடித்து வைத்திருந்த அந்த எஞ்சினியரை நாங்கள் புயல் என்று கூப்பிடுவோம். அப்படி ஒரு வேகம். மற்றவர்கள் ஒரு வேலையை ஆரம்பிப்பதற்குள் அவன் முடித்துவிட்டு பிஸ்கட் டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பான். அவன் திரையைப் படிக்கவே மாட்டான், ஐயா. எந்தப் பட்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவன் கைக்குத் தெரியும். கண் வேறெங்கோ இருக்கும், வாய் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருக்கும், கை தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிடும். நான் அந்தத் தளத்துக்குப் போன முதல் நாள் எனக்கு உட்கார இடம் இல்லை. யாரும் தலையைத் தூக்கவில்லை. அவன்தான் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிவிட்டான்.

‘உட்காருங்கக்கா. நின்னுக்கிட்டே எங்களைத் திருத்த முடியாது, ரொம்ப நாளாகும்’ என்றான்.

நல்ல பிள்ளை. அதை முதலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

இப்போது அந்தக் கருவியைப் பற்றிச் சொல்கிறேன். எஞ்சினியர்களிடம் எங்கள் மென்பொருளின் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்றுக்குப் பெயர் ஒத்திகை. புதிதாகச் செய்ததை அதில் போட்டுப் பார்ப்பார்கள், கெட்டுப்போனால் மொத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொன்றுக்குப் பெயர் நேரலை. ஊர் ஜனங்கள் அழைக்கும் அழைப்பெல்லாம் வருவது அதில்தான். கருவியின் முகப்பில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். இரண்டையும் ஒரே விதமாகத் துடைக்கலாம். பக்கத்தில் உள்ள பட்டனை அழுத்தினால் சின்னதாக ஒரு பெட்டி வந்து, இதைத் துடைக்கவா என்று கேட்கும். ‘சரி’ என்றால் போச்சு.

இதைப் பார்த்த அன்றே இது ஆபத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒரு தடுப்பு வரைந்தேன். நேரலையைத் துடைக்க வேண்டுமென்றால், பட்டனை அழுத்தினால் மட்டும் போதாது. ‘நேரலை’ என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அதோடு, தெரியாமல் துடைத்துவிட்டாலும் உடனே திரும்பக் கொண்டுவர ஒரு பட்டன், முகப்பிலேயே, பெரியதாக. இரண்டையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.

தலைமை எஞ்சினியர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். ‘அம்மா, இது எங்க பட்டறை. பட்டறைக்குத் திரைச்சீலை தைக்க வந்திருக்கீங்க. எங்களைப் பார்த்தா எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைங்க மாதிரியா இருக்கு?’ என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். புயலும் சிரித்தான். ‘அக்கா, அப்படியே நான் பல் தேய்க்கறதுக்கும் ஒரு பெட்டி வெச்சுடுங்க. நிச்சயமாத் தேய்க்கணுமான்னு கேக்கட்டும்’ என்றான்.

நானும் சிரித்தேன். அவன் சிரித்ததுதான் கொஞ்சம் உறுத்தியது என்று சொல்லலாம், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தடுப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. திரும்பக் கொண்டுவரும் பட்டனை மட்டும், ‘ஆசைப்பட்டு வரைஞ்சுட்டாங்க, எங்கேயாவது உள்ளே தள்ளிப் போடுங்க, முகப்புல வேண்டாம்’ என்றார் தலைமை எஞ்சினியர். கொஞ்ச நாளிலேயே வேறு கம்பெனிக்குப் போய்விட்ட ஒரு எஞ்சினியர் அதைச் செய்து முடித்தார். எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார். நான் அமைப்புகள் என்ற பக்கத்துக்குள், தோற்றம் என்ற தலைப்பின் அடியில் வைக்கச் சொன்னேன். எழுத்தைப் பெரிதாக்குவது, பின்னணி நிறத்தை மாற்றுவது எல்லாம் இருக்கும் இடம். எஞ்சினியர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் உள்ளே என்றார்கள், உள்ளே வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதையெல்லாம் கேட்டபடி செய்து கொடுத்தேன். நேரலைக்கு நான் சிவப்பு நிறம் கொடுத்திருந்தேன், கண்ணைக் குத்துகிறது என்றார்கள். எடுத்துவிட்டேன். வேகம் வேண்டும் என்றார்கள். கடைசியாக யார் எதைத் திறந்தாலும் அது எல்லாருடைய திரையிலும் தானாக மேலே வந்து நிற்கும்படி பட்டியலை மாற்றினேன். தேட வேண்டாம், முதலில் இருப்பதை அழுத்தினால் போதும். தினமும் அவர்கள் திறப்பது ஒத்திகையைத்தான், அதனால் எப்போதும் ஒத்திகையே மேலே இருக்கும். அதைக் காட்டிய அன்று கை தட்டினார்கள், ஐயா. அத்தனை வருஷத்தில் கை தட்டியது அன்றுதான்.

கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது. யாரோ எதற்கோ நேரலையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், அது மேலே வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒத்திகை என்று நினைத்து அதைத் துடைக்கப் போனாள். அவள் பயந்த சுபாவம், பெட்டியைப் படித்தாள், சட்டென்று கையை எடுத்துவிட்டாள். நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே தலைமை எஞ்சினியருக்கு எழுதினேன். இது ஆபத்து, தடுப்பை வைத்தே ஆக வேண்டும் என்று விவரமாக, படம் போட்டு எழுதினேன். அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

கட்டைவிரல். நான் பகல் முழுவதும் உட்கார்ந்து எழுதியதற்கு.

எனக்கு அப்போது கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் கோபத்தில் எதையும் செய்யவில்லை. நிதானமாக யோசித்தேன். சொன்னால் இவர்களுக்கு ஏறாது, எழுதினால் ஏறாது. எங்கள் தொழிலில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே வழி, கண் முன்னால் நடத்திக் காட்டுவது. அதைத்தான் சோதனை என்கிறோம். ஒரு சோதனை நடத்தினேன். நீங்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள், அது உங்கள் தொழில்.

பொறுப்பில்லாமல் நடத்தவில்லை. ஜனங்கள் எப்போது குறைவாக அழைக்கிறார்கள் என்று மேல்மாடியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். விடுமுறை நாள் மதியம் என்றாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கீழே நாங்கள் என்ன செய்கிறோம் என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றாது. யாரை உட்கார வைப்பது என்றும் யோசித்தேன். வேலை தெரியாதவன் பயத்தில் படித்துவிடுவான். கை தேர்ந்தவன்தான் படிக்க மாட்டான். எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஒருவன்தான் இருந்தான்.

மறுநாள் பெரிய வெளியீடு ஒன்று இருந்ததால் அந்த விடுமுறை நாளிலும் சிலர் ஆபீசுக்கு வந்திருந்தார்கள். நல்ல வெயில். திரைகளில் வெளிச்சம் விழுகிறதென்று ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டிருந்தார்கள். மதியம் சாப்பிட்டு முடித்த மந்தம். தலைமை எஞ்சினியர் பக்கத்து அறையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்து, கருவியில் நேரலையைத் திறந்தேன். பார்த்தேன், மூடினேன். திறந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு. பட்டியலில் அது மேலே போய் நின்றது.

பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு புயலின் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவனுக்கு அது பழக்கம்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

‘தம்பி, ஒத்திகையைத் துடைச்சுட்டுப் புதுசா ஏத்திக் குடுக்கறியா? ஒரு திரையைச் சரிபார்க்கணும்’ என்றேன்.

‘இதுக்கு ஏன்க்கா இவ்வளவு பவ்யம்? ஆர்டர் போடுங்க, பறந்துடும்.’

‘உன் பொண்ணு படம் வரையறாளாமே, உன் வீட்டுக்காரி சொன்னா’ என்றேன்.

அவன் முகம் முழுக்கச் சிரிப்பாகத் தலையை என் பக்கம் திருப்பினான். ‘அதையேன் கேக்கறீங்க. நேத்து என்னை வரைஞ்சா. அப்பாவுக்கு எட்டுக் கை போட்டிருக்கா. ஏண்டி குட்டி இத்தனை கைன்னா, நீ வேகமா வேலை செய்யறேல்ல, அதுக்குத்தாங்கறா.’

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை மேலே இருந்ததை அழுத்தியது. பெட்டி வந்தது. ‘நேரலை. இதைத் துடைக்கவா?’ நான் படித்தேன். நான் எப்போதும் படிப்பேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ‘சரி’யை அழுத்தினான். நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்கிறீர்கள். ‘இரு’ என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. நான் சொல்லவில்லை. சோதனை நடக்கும்போது பார்ப்பவர் பேசக்கூடாது.

சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது, ஆம்புலன்ஸ்கள் பச்சைப் புள்ளிகளாக நகர்வது அதில் தெரியும். எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக மறைந்தன. முதலில் யாரும் கவனிக்கவில்லை. அழைப்பு மையத்திலிருந்து முதல் போன் வந்த பிறகுதான் புயல் தன் திரையைப் படித்தான். அவன் அதைப் படித்து நான் பார்த்ததே அந்த ஒரு தடவைதான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. தலைமை எஞ்சினியர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். ஆளாளுக்கு ஒரு திரையில் குனிந்தார்கள். யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

எனக்கு, உண்மையைச் சொன்னால், அது சுவாரசியமாகத்தான் இருந்தது. எத்தனை சோதனை நடத்தியிருக்கிறேன், இவ்வளவு அக்கறையோடு யாரும் என் திரையைப் பார்த்ததில்லை. ஒருவர் அமைப்புகள் பக்கம் வரைக்கும் போனார். தோற்றம் என்ற தலைப்பைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டார். அங்கேதான் இருந்தது. நான் நினைத்தது அப்படியே சரியாக இருந்தது.

அத்தனை பேரில் புயலுக்கு மட்டும் ஞாபகம் வந்தது. விருட்டென்று என் பக்கம் திரும்பினான். நெற்றியெல்லாம் வேர்வை.

‘அக்கா, திரும்பக் கொண்டுவர்றதுக்கு ஒண்ணு வரைஞ்சீங்கல்ல? வெச்சாங்கல்ல அது? எங்கக்கா இருக்கு?’

நான் அவனைப் பார்த்தேன். ‘எங்கே இருக்கும்னு நீ நினைக்கிறே, தம்பி?’ என்றேன்.

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமானால் குடிக்கட்டும், நான் காத்திருக்கிறேன்.

நான் அதிர்ச்சியில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பான், பாவம். ‘சரிக்கா, நீங்க உட்காருங்க, பதறாதீங்க’ என்று என்னைத் தேற்றிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினான். தேடினான். கிடைக்கவில்லை. கடைசியில் தலைமை எஞ்சினியர் பழைய பிரதி ஒன்றை எடுத்து, கையாலேயே எல்லாவற்றையும் மறுபடி கட்டினார். அரை மணிக்கும் மேல் ஆயிற்று. இரண்டு மூன்று நிமிஷத்தில் முடியும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர்களுடைய திறமையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

அந்த நேரத்தில் ஒருவர் இறந்துபோனார். முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சு வலி. கழுத்தில் கட்டிய துணியோடு தரையில் படுக்க வைத்து, கடைக்காரர் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். அந்தக் குரலை நீங்கள் ஆபீசுக்கு வந்து எங்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்டினீர்கள். ‘வருதுங்களா? வண்டி வருதுங்களா?’ என்று மட்டும்தான் கேட்கிறார். கோபமே படவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்று பேர் என்கிறீர்கள். தெரியும். மாடிப்படியில் விழுந்த பெரியவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை, ஆம்புலன்ஸ் வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. மூச்சுத் திணறிய அந்தக் குழந்தையைப் பற்றி நான் பேச வேண்டாம் என்று நினைக்கிறேன். அது இந்த விஷயத்துக்கு அவசியம் இல்லை. அடுத்ததற்குப் போகலாம்.

விசாரணை என்று நீங்கள் வந்ததும் புயல் எழுந்து நின்று, ‘என் கைதாங்க’ என்றான். யார் அழுத்தியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

‘அக்கா, அங்கே பார்க்கப் போனேன். வலது கையால சாப்பிடவே மாட்டேங்கறார். அதை மடியில வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கார். பொண்ணு வரைஞ்ச படத்தைக் கிழிச்சுடுன்னு சொல்லியனுப்பறார். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அது அவர் வேணும்னு செஞ்சதில்லைன்னு நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்கிறேன் என்றேன். அதைத்தான் இப்போது செய்கிறேன். அவனுக்காகத்தான் வந்திருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் தன் கையைத் தானே வெறுக்கும்படி ஒருவனை விடுவது நியாயம் இல்லை.

போன வாரம் ஆபீசில் எல்லாரையும் கூட்டினார்கள். தலைமை எஞ்சினியர் பேசினார். பெரிய பாடம் கற்றுக்கொண்டோம் என்றார். இனிமேல் நேரலையைத் துடைக்க வேண்டுமானால் அதன் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும், திரும்பக் கொண்டுவரும் பட்டன் முகப்பில் பெரியதாக இருக்கும் என்றார். திரையில் படம் காட்டினார். என் படம்தான். நான் வைத்த அதே இடைவெளி, அதே எழுத்து. ‘நம்ம எஞ்சினியர்கள் ராப்பகலா யோசிச்சுக் கண்டுபிடிச்சது’ என்றார். கை தட்டினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. முழுவதும் படித்தேன், ஐயா, இரண்டு தடவை படித்தேன். முடிவு என்ற இடத்தில் ஒரே ஒரு சொல், கைத்தவறு. நீங்கள் காவலாளியைக் கேட்டிருக்கிறீர்கள். தரை துடைக்கிற அம்மாவைக்கூடக் கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர்களைக் கேட்டிருக்கிறீர்கள். அவன் பின்னால் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். கூப்பிடுவீர்கள் என்று தினமும் போனைப் பார்த்தேன். அந்தத் திரையை வரைந்தது யார் என்று உங்களில் ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு பொருள் தானாக அப்படி இருக்குமா? ஒரு கைப்பிடி தானாகவா போய்க் கதவில் மாட்டிக்கொள்ளும்?

நீங்கள் இப்போது கேட்டது நல்ல கேள்வி. கைத்தவறுதான், வேண்டுமென்று செய்ததில்லை என்று முடிவானதால் முந்தாநாள் மாலையே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே, அவனுக்காக வந்தேன் என்று எப்படிச் சொல்கிறீர்கள், அது தெரியாதா என்கிறீர்கள்.

தெரியும். அவன் மனைவி அன்றைக்கே போன் செய்து அழுதாள். ‘விட்டுட்டாங்கக்கா, இடது கையால கொஞ்சம் சாப்பிட்டார்’ என்றாள். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு நேற்று முழுவதும் யோசித்துவிட்டு இன்று காலை கிளம்பி வந்தேன்.

ஏன் என்றால், அது கைத்தவறு இல்லை. அதில் தவறு என்று ஒன்றுகூடக் கிடையாது. பட்டியல் மேலே வர வேண்டிய நேரத்தில் மேலே வந்தது. அவன் கை போக வேண்டிய இடத்துக்குப் போனது. தேடினால் கிடைக்கக் கூடாத இடத்தில் வைத்தது கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை. எல்லாம் நான் வரைந்தபடியே நடந்தது. அந்த மூன்று பேரும் நான் வரைந்ததால்தான் இறந்தார்கள், அந்தக் குழந்தையும் சேர்த்துத்தான். இதை ஒருவனுடைய கைத்தவறு என்று எழுதி மூடிவைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

முடிந்தது. திரையை இப்படித் திருப்பச் சொல்லுங்கள். நன்றி, அம்மா.

இடது பக்கம் ‘திருத்து’, வலது பக்கம் ‘ஒப்புக்கொள்கிறேன்’. இரண்டும் ரொம்ப நெருக்கமாக இருக்கின்றன, நிறமும் ஒன்றே. இங்கே வந்து உட்காருகிறவர்கள் படிக்கிற நிலைமையில் இருக்க மாட்டார்கள், யாராவது மாற்றி அழுத்திவிடுவார்கள். பிறகு ஒரு நாள் உங்களுக்கு வரைந்து தருகிறேன். நான் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சொன்னதைச் சொன்னபடியே அடித்திருக்கிறாள், கெட்டிக்காரப் பெண்.

மேலே ஒரு இடத்தில் மட்டும் பிழை இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் ‘அலுவலக உதவியாளர்’ என்று போட்டிருக்கிறீர்கள். வடிவமைப்பாளர் என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் அழுத்துகிறேன்.